தனி அலுவலரிடம் ஊரைக் கொடுத்துவிட்டு எதைக் காப்பாற்றப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டில் சர்வாதிகாரம் வந்துவிடுமா, ஜனங்கள் இப்படிக் கட்சி கட்சியாகப் பிரிந்து கிடந்தால் நம் பிள்ளைகள் காலம் எப்படி இருக்கும் என்று உங்கள் நடுப்பக்கத்தில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. ஒன்றையும் விடாமல் படிக்கிறேன். எழுதுகிறவர்கள் ரஷ்யா, ஹங்கேரி, அமெரிக்கா, டெல்லி என்று சுற்றி வருகிறார்கள். திருத்துறைப்பூண்டி வட்டத்துக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள் நான். 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கிய ஒரு வார்டில் நின்று ஜெயித்து எங்கள் ஊராட்சிக்கு உறுப்பினர் ஆனேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. எனக்கு மட்டுமல்ல, 28 மாவட்டங்களில் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் எல்லோருக்கும் அன்றைக்கே முடிந்தது. புதிதாகத் தேர்தல் நடக்கவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலரைத் தனி அலுவலராகப் போட்டார்கள். ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிகளுக்கும் இப்போது அவர்தான் தலைவர், அவர்தான் மன்றம், தீர்மானம் போடுகிறவரும் அவர், அதை நிறைவேற்றுகிறவரும் அவர். இந்த 2025 ஆகஸ்டோடு எட்டாவது மாதமும் போகிறது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு ஐந்தாண்டுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்கிறது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வார்டு மறுவரையறை, வழக்கு, சில ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்ப்பது என்று காரணங்கள் சொல்கிறார்கள். காரணத்துக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அப்போது ஆண்டது ஒரு கட்சி, 2025-இல் ஆள்வது இன்னொரு கட்சி. இன்னும் பின்னால் போனால் 1970-க்கு அப்புறம் 1986, அதற்கப்புறம் 1996. அந்த இடைவெளியில் கோட்டையில் யார் யாரோ இருந்தார்கள், குடியரசுத் தலைவர் ஆட்சிகூட இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

இதெல்லாம் புதிதில்லை. என்னை எழுத வைத்தது வேறு. ஊரில் இதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. சிலருக்குச் சந்தோஷம்கூட. 'தலைவர் இல்லாததே நிம்மதிங்க, சண்டை சச்சரவு இல்ல. ஆபீசர்னா எல்லாருக்கும் பொது, கட்சி பார்க்க மாட்டார்' என்று ரேஷன் கடை வரிசையில் ஒருவர் சொன்னார். இவர் சாதாரண ஆளில்லை. டெல்லியில் ஒரு சட்டம் வந்தால் மூன்று நாள் கொந்தளிப்பார், ஜனநாயகம் செத்துவிட்டது என்று ஸ்டேட்டஸ் வைப்பார். 'ஏன் மாமா, அங்கேயும் இதையேதானே சொல்றாங்க, சண்டை போடாம ஒருத்தர் முடிவெடுத்தா வேலை நடக்கும்னு' என்று கேட்டேன். 'அது வேற, இது வேற' என்றார். எப்படி வேறு என்று இன்னும் சொல்லவில்லை.

சண்டை இல்லாத நிர்வாகம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மறந்திருக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தமிழ்நாட்டில் எந்த ஊராட்சிக்கும் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. எல்லாம் தனி அலுவலர். திருவாரூர் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினரும் இல்லை, கலைஞர் அந்த ஆகஸ்டில் காலமாகி இடம் காலியாக இருந்தது. தென்னை அத்தனையும் சாய்ந்து, கரண்டும் குடிதண்ணீரும் இல்லாமல் கிடந்தோம். யாரைப் போய்க் கேட்பது? சேதக் கணக்கு எடுக்க ஒருவர் வந்தார். தார் ரோட்டை ஒட்டிய வீடுகளை எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெருவுக்குள் விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டி அவர் வரவில்லை. யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தக் கிழவி தனியாகக் கிடக்கிறாள், யாருக்குச் சர்க்கரை ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை, அவர் கையில் எத்தனையோ ஊர். ஒரு வார்டு உறுப்பினர் இருந்திருந்தால் வாசலில் நின்று நாலு திட்டுத் திட்டி இழுத்துக்கொண்டு வந்திருப்போம். திட்டுவதற்கு ஆள் இல்லாததால்தான் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அரசு வண்டிகள் எரிந்த ஊரும் உண்டு. தேர்தல் நடத்தாததால் ஊராட்சிகளுக்கு வரவேண்டிய மத்திய நிதிக்குழு மானியமும் அந்தக் காலத்தில் நின்று போயிருந்தது.

இருந்தபோது மன்றம் என்ன கிழித்தது என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்ட இடம் பார்க்க வேண்டியிருந்தது. தலைவர் எங்கள் தரப்பு. என் குடும்பம் எந்தக் கட்சி என்று இங்கே எழுதவில்லை, எழுதினால் பாதிப் பேர் இந்த வரியோடு பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள். தலைவர் கோயில் பக்கத்து மேட்டைச் சொன்னார். அங்கே கட்டினால் எங்கள் பக்கத்துக் கடைசித் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறாது, குழாயில் காற்றுதான் வரும். எதிர்த்தரப்பு உறுப்பினர் இருவர் வேறு இடம் சொன்னார்கள். நான் அவர்களோடு சேர்ந்து கை தூக்கினேன். கூட்டம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். தொட்டி நாங்கள் சொன்ன இடத்தில் வந்தது. என் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதையே ஒரு சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ செய்திருந்தால் பதவி போகலாம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டு, கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்கவில்லை என்றால் தகுதி நீக்கம். பணத்துக்குக் கட்சி மாறுவதை நிறுத்தத்தான் அந்தச் சட்டம், நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் லட்சக்கணக்கான ஓட்டு வாங்கிப் போனவர் தலைமை சொன்ன பக்கம் கை தூக்க வேண்டியிருக்கிறது. ஒரு தெருவின் ஓட்டை வாங்கிய தையல்காரி தன் இஷ்டத்துக்குக் கை தூக்குகிறாள். நினைத்தால் சிரிப்பு வருகிறது. தலைவர்கள் ஏன் இப்படி வளர்ந்துவிட்டார்கள் என்று பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் உண்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலு பதவிக்கு நாலு சீட்டு தருவார்கள். யார் எந்தக் கட்சி என்று ஊருக்குத் தெரியாதா, தெரியும். ஆனாலும் சின்னம் இல்லாததில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எதிர்த்தரப்பு ஆளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் துரோகி என்று யாரும் சொல்ல முடியாது, சட்டமே அப்படித்தான் உட்காரச் சொல்கிறது. எங்களுக்கு அது ரொம்ப முக்கியம். நாங்கள் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் எங்கள் வரப்பைத் தொடுவது கடைசியில்தான். ஆறு, பெரிய வாய்க்கால் எல்லாம் அரசாங்கம் தூர்வாரும். வயலுக்குள் வருகிற சி, டி என்கிற சின்ன வாய்க்கால்களைப் பெரும்பாலும் நாம்தான் பேசி வெட்டிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் வயலுக்கு மேலே இருக்கிற வயல் எதிர்க்கட்சிக்காரருடையது. சாதியும் வேறு. தலைமாட்டில் அவர் மடையை அடைத்தால் எங்கள் நாற்று காயும், மழைக்காலத்தில் கீழே நாங்கள் அடைத்தால் அவர் பயிர் மூழ்கும். இவரோடு பேசாமல் இருக்க எங்களுக்கு வசதியில்லை. மன்றம் இருந்தவரை மாதாமாதம் பேச ஓர் இடம் இருந்தது. இப்போது இரண்டு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அவருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. இரண்டிலும் வாய்க்காலைப் பற்றி ஒன்றும் வருவதில்லை.

முன்பெல்லாம் ஊர் ஒற்றுமையாக இருந்தது, இப்போதுதான் கட்சிக்காரன் பிரித்துவிட்டான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் அம்மா கீழ்வேளூர்ப் பக்கம் பிறந்தவர். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள், கூலி கூடக் கேட்டதற்காக. அந்த ஊர்களின் பழைய ஒற்றுமை என்பது ஒரு தெரு பேசும், இன்னொரு தெரு கேட்டுக்கொள்ளும் என்பதுதான். வெண்மணிக்கு அப்புறம் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மிராசுதார் தரப்பும் சங்கத் தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கூலி பேசும் வழக்கம் எங்கள் ஊர்களில் நிலைத்தது அவ்வளவு உயிர் போன பிறகு. அப்படி வந்த மேஜையை ஒரு பேச்சும் இல்லாமல் எடுத்து வைக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

காவிரிச் சண்டையிலும் இப்படி ஒரு பெஞ்சு இருந்தது. நடுவர் மன்றம் வந்தது 1990-இல். அடுத்த ஆண்டு இடைக்கால உத்தரவு வந்ததும் பெங்களூரில் தமிழர்களை அடித்து விரட்டினார்கள். இரண்டு மாநிலத் தலைவர்களும் முகம் கொடுத்துப் பேசாத 2003-இல், இரண்டு பக்க விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் ஜனகராஜன் அதற்குத் துணை நின்றார். கர்நாடக விவசாயிகள் டெல்டா வயலில் வந்து நின்று பார்த்தார்கள், நம்மவர்கள் மாண்டியாவுக்குப் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டை அவர்களால் தீர்க்க முடியவில்லைதான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று சொல்லி முடித்தது. ஆனால் அந்த வருஷங்களில் எதிரி என்று சொல்லப்பட்டவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் அந்த விவசாயிகள் மட்டும்தான்.

அடுத்து இளைஞர்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார்கள். என் அக்கா மகனும் அங்கேதான். ஊருக்கு வரும்போதெல்லாம் 'ஒரே ஆள் கையில கொடுங்க சித்தி, லீ குவான் யூ மாதிரி அஞ்சே வருஷத்துல நாட்டைத் திருப்பிடுவாரு' என்பான். சிங்கப்பூரின் முதல் பிரதமரான அவருக்கு மன்னார்குடியில் நினைவுச்சின்னம் அமைப்பதாக 2023-இல் நம் அரசே அறிவித்தது, பையனைச் சொல்லி என்ன? அங்கே தெரு சுத்தமாக இருக்கிறது, லஞ்சம் இல்லை, எல்லாம் சரி. அதே ஆட்சியில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் 23 வருஷம் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார் என்று சொன்னால், 'அப்படியா' என்கிறான். அப்புறம் மறுபடியும் ரயில் எவ்வளவு சுத்தம் என்று ஆரம்பிக்கிறான்.

சிங்கப்பூர் விமானத்தில் போக வேண்டிய ஊர். இலங்கை எங்களுக்குப் பக்கம், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் சில மணி நேரத்தில் காங்கேசன்துறை. அங்கே 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஜெயித்தார், கறாரான ஆள், சொன்னதைச் செய்வார் என்று ஓட்டுப் போட்டார்கள். அடுத்த ஆண்டே 20-ஆவது திருத்தம் கொண்டுவந்து அதிகாரத்தை எல்லாம் ஜனாதிபதி கையில் கொடுத்தார்கள். 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே உத்தரவில் தடை. நடவு நேரத்தில் யூரியா இல்லை என்றால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நாற்று பிடுங்குகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சொல்வதற்கு அவரைச் சுற்றி யாரும் இல்லை, அல்லது சொல்லத் தைரியம் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்கினார்கள், நவம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். அவர்கள் கஷ்டத்துக்குக் கடன் முதலான வேறு காரணங்களும் உண்டு. 2022 ஜூலையில் அவர் நாட்டை விட்டே போனார்.

எனக்கு இதில் உறுத்துவது அந்த உத்தரவின் நோக்கம். ரசாயனம் வேண்டாம் என்பது நல்ல எண்ணம்தான். எங்கள் டெல்டாவில் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வாரும் அதையேதான் ஆயுள் முழுக்கச் சொன்னார். ஊர் ஊராக நடந்து, வரப்பில் உட்கார்ந்து, கிண்டல் செய்தவர்களுக்கும் பதில் சொல்லி, ஒவ்வொரு விவசாயியாக மாற்றினார். எங்கள் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் பாரம்பரிய விதை நெல் 2 கிலோ கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்லியே எத்தனையோ ரகங்களைக் காப்பாற்றினார். இரண்டு பேரும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டு இன்றைக்கும் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். கேட்காமல் யூரியா போடுகிறவர்களும் இருக்கிறார்கள், யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அவசரநிலைக் காலத்தில் நான் சின்னப் பிள்ளை. 'அப்போ ரயில் நேரத்துக்கு வந்துச்சு' என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். 1976 ஜனவரி 31-இல் இங்கே தேர்ந்தெடுத்த அரசையே கலைத்தார்கள். அவசரநிலையை நாம்தான் எதிர்த்தோம் என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எதிர்த்துச் சிறை போனவர்கள் உண்டு, அடிபட்டுச் செத்தவர்களும் உண்டு, அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் 1977 மார்ச்சில் வடக்கே இந்திரா காந்தியையே தோற்கடித்தார்கள், தமிழ்நாட்டில் அவர் கட்சி இருந்த கூட்டணிக்கு 39-இல் 34 இடம் கொடுத்தோம். இங்கே கலைத்த ஆட்சி மேல் கோபம், எம்.ஜி.ஆர். மேல் பிரியம், எல்லாம் இருந்திருக்கும். நமக்குச் சர்வாதிகாரம் ஆகாது என்று மார்தட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

அதே மாதிரிதான் குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பேசாத தலைவர் இல்லை. அந்தக் குடத்தில் என் பெயர் ஓலையைப் போட்டிருக்க மாட்டார்கள். நிலம் வேண்டும், வேதம் தெரிய வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். இருந்தாலும் அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் உறவுக்காரனும் வர முடியாது. இந்த விதியைப் பற்றி மட்டும் மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் ஊராட்சிகள் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுகிற ஊர்கள் உண்டு. மனைவி தலைவர், நாற்காலியில் கணவர் என்பது சகஜம். 1997-இல் மேலவளவில் தலித் தலைவர் முருகேசனை வெட்டியே கொன்றார்கள். எங்கள் மன்றத்திலும் கமிஷன் பேச்சு எழுந்ததுண்டு. கமிஷன் வாங்கியவரை அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வ வைக்கலாம், எங்கள் ஊரில் வைத்தும் இருக்கிறோம். தனி அலுவலரை என்ன செய்வது? அவருக்கு மாறுதல் வரும், போய்விடுவார்.

இந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் ஜனத்தொகைக்கு நூறு பேர் இருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களிடம் கையெழுத்து வாங்கியே நூறைத் தாண்டிவிட்டார்கள். தீர்மானங்களை வேகமாகப் படித்தார்கள். குளக்கரைத் தெருவிளக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டேன். குறித்துக்கொண்டார்கள். வரவு செலவை வாசிக்கச் சொன்னேன், அடுத்த கூட்டத்தில் என்றார்கள். ரேஷன் கடை வரிசையில் பேசிய அந்த மாமாவும் இருந்தார். பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அரசுக்கு நான் வைப்பது இவ்வளவுதான். தேர்தல் எந்த மாதம் என்று சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு ஊராட்சியிலும் மாதாமாதம் என்ன செலவு என்று அலுவலகச் சுவரில் எழுதிப் போடச் சொல்லுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் ஜனவரி முதலான கணக்கை முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எதிர்க்கட்சியும் இதற்காக ஒரு மாவட்டத்தில்கூடப் பெரிதாகக் கூட்டம் போட்டதாக நான் பார்க்கவில்லை, அவர்களிடமும் கேட்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஒன்றியம் தோறும் நிருபர்கள் இருக்கிறார்கள். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் நாலு மாவட்டத்திலும் ஒரு தனி அலுவலர் கையில் எத்தனை ஊராட்சி, இந்த எட்டு மாதத்தில் அவர் எத்தனை ஊருக்கு நேரில் போனார், எத்தனை தீர்மானத்தில் ஊரைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் என்று விசாரித்து, ஒன்றியம் ஒன்றியமாக மாவட்டப் பதிப்பில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் போட்டால் நல்லது. என் பெயரைப் போட வேண்டாம், ஊரின் பெயரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.